உரைப் பிரமாணமும் ஒரு கணினிக் கருவியும்

உலகைப் பற்றிய அறிவு நமக்கு எவ்வழியாக வருகிறது என்ற கேள்வியை நம் தரிசனகாரர்கள் மற்றெல்லா விசாரணைக்கும் முன்னால் வைத்தார்கள். நியாய சாஸ்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்கு பிரமாணங்களைக் கொண்டது. அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரில் அளவைகளை முதலில் ஆராய்ந்து, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றிலேயே ஏனையவற்றை அடக்கினார். இவற்றுள் உரையின் நிலை என்ன, சொன்னவன் பிழைபடச் சொல்லியிருந்தால் அதை எடுத்துச் சொல்பவனுடைய கடமை யாது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள விசாரம். அதற்குத் தெளிவான உதாரணம் ஒன்றைக் கணினித் திரையிலே கண்டேன்.

ஆலன் காக்ஸ் எழுதத் தொடங்கி, 2002 முதல் ழான் டெல்வார் பராமரித்து வரும் ‘டிஎம்ஐடிகோட்’ என்னும் கட்டளை, லினக்ஸ் கணினியொன்றின் தாய்ப்பலகையை யார் செய்தார், பயாஸ் எந்தத் தேதியுடையது, மெமரி எத்தனை இடங்களில் செருகப்பட்டிருக்கிறது என்றெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அது எந்த உறுப்பையும் தானாகப் பார்ப்பதில்லை. எஸ்எம்பயாஸ் என்னும் பொது நியமத்தின்படி உற்பத்தியாளர் எழுதி வைத்த அட்டவணையை வாசித்துச் சொல்வதே அதன் தொழில். அந்த அட்டவணை பெரும்பாலும் குறையுடையது, பல வேளைகளில் தவறானது என்பதை அக்கருவியின் கையேடே மறைக்காமல் கூறுகிறது. வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில், உற்பத்தியாளர் நிரப்பவேண்டியது என்ற குறிப்பே அப்படியே தங்கிவிட்ட பலகைகள் சந்தையில் ஏராளம்.

பிழையென்று தெரிந்ததைத் திருத்திக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே, எனினும் திருத்திய கணத்திலேயே அக்கருவி சாட்சி என்னும் ஸ்தானத்தை இழந்து, யார் வாக்கென்று தெரியாத ஒரு வாக்கை நம்மிடம் தருகிறது என்பதே என் துணிபு. டிஎம்ஐடிகோட் அறியாமையைக்கூட ஒன்றாகக் குழப்புவதில்லை: உற்பத்தியாளர் ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில் ‘குறிப்பிடப்படவில்லை’ என்றும், தெரியாது என்பதற்குரிய எண்ணை அவரே இட்டிருந்தால் ‘தெரியாது’ என்றும், நியமத்தில் இல்லாத எண்ணைக் கண்டால் ‘நியமத்துக்குப் புறம்பு’ என்றும் பொருள்படத் தனித்தனியே அச்சிடுகிறது. மௌனமும், அறியேன் என்னும் வாக்கும், பொருந்தாப் பேச்சும் வெவ்வேறு என்பதைப் பல பதிப்புகள் கடந்தும் விடாமல் காப்பது, பராமரிப்பவருடைய சத்திய நிஷ்டையைக் காட்டுகிறது. எந்தப் புலமையையும் விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறர் வாக்கை விட்டு நேரே பார்த்துவிடலாமே என்போருக்கும் இத்துறையில் விடை உண்டு. ‘எல்எம்-சென்சார்ஸ்’ என்னும் திட்டம், வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் சில்லுகளைக் கணினியின் உள்வழிகளில் நேரடியாகத் தட்டிக் கேட்டு அறிவது. அங்ஙனம் கேட்டபோது, ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த ஒரு நினைவகச் சில்லின் உள்ளடக்கம் சிதைந்து, அப்பொறிகள் எழவே இயலாமற்போயின. அறிய முயன்ற செயலே அறியப்படும் பொருளை அழித்தது. பின்னர் அத்தகைய உள்வழியொன்றை இயக்கும் லினக்ஸ் நிரலொன்றில் ஒரு காவல் வைத்தார்கள்: எதையும் தட்டுமுன் அது உற்பத்தியாளரின் அதே அட்டவணையைப் பார்த்து, அங்கே ஐபிஎம் என்ற பெயர் இருந்தால் வேலை செய்யவே மறுத்துவிடுகிறது. குறையுள்ளதென்று அனைவரும் அறிந்த அந்த உரையின் அனுமதி பெற்றே அங்கே காண்டல் நடக்கிறது.