படிக்கு வெளியே நிற்பவர்

பெற்றோர் கூட்டம் நடத்துக என்று சுற்றறிக்கை வந்தது, நடத்தினோம். நாற்காலிகளை ஊரார் வீடுகளில் கேட்டு வாங்கி வரிசையாகப் போட்டோம். வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அமர்ந்தவர்கள் ஆறு பேர்! மற்றவர்கள் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். ஒரு தாய் மட்டும் அறைக்குள்ளேயே வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி, வாயிற்படிக்கு வெளியே நின்றார். "உள்ளே வாங்கம்மா" என்றோம். "இருக்கட்டுங்க சார், இங்கேயே நல்லா கேக்குது" என்றார்.

அவருடைய மகள் அதே அறையில், முதல் வரிசையில் அமர்ந்து படிப்பவள். மகள் அமரும் இடத்தில் தாய்க்குக் கால் வைக்கத் துணிவில்லை. எவரும் தடுக்கவில்லை, தடுப்பதற்கென்று ஒரு காவலனும் இல்லை. ஆயினும் நின்றார். நின்ற முறையைப் பார்த்தபோதுதான் நமக்கு உறைத்தது: கருவறைக்கு வெளியே நிற்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டவர்களின் நிலை அல்லவா அது!

மேடைதோறும் பள்ளியைக் கோயில் என்கிறோம். கேட்போர் கைதட்டுகின்றனர். நாமும் ஆண்டுவிழாவில் அப்படிப் பேசியவர்தாம்; இப்போது நாணுகிறோம். கோயில் என்றால் படி உண்டு, படிக்கு வெளியே நிற்பவர் உண்டு, உள்ளே நடப்பது இன்னதென்று கேட்கக் கூடாதென்ற கட்டுப்பாடும் உண்டு. ஆசிரியர் பூசாரியாகிறார், பெற்றோர் பக்தராகிறார், மதிப்பெண் பட்டியல் திருநீறாக நீட்டப்படுகிறது! வேண்டாம் இந்தப் புகழ்ச்சி. இது பள்ளிக்கூடம். கூடம் என்பது கூடுவதற்கு.

அப்படியானால், அந்தக் கூடத்தில் பெற்றோர் யார்? அழைத்தால் வரும் விருந்தினரா? கைகட்டி நின்று குறை கேட்டுப்போகும் குற்றவாளியா? கேட்டபோது பணம் தரும் புரவலரா? அல்லது உரிமையுடையவரா?

எளிய கேள்வி போலத் தோன்றும். ஆசிரியர் அறையில் கேட்டுப் பாருங்கள், விடை ஒன்றாக இராது. "எழுத்தறியாதவரிடம் பாடத்தைப் பற்றி என்ன பேசுவது?" என்பார் ஒருவர். "வருவதே பெரிது, கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்" என்பார் மற்றொருவர். அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. வேலைக்கு வந்த முதல் ஆண்டில் நாமும் அப்படித்தான் எண்ணினோம்.

பெற்றோரின் பெயரால் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட இருந்த பெருந்தீங்கு ஒன்றைத் தமிழ்நாடு அறியும். 1953ஆம் ஆண்டு, சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்விக்கு ஒரு புதுத் திட்டம் தந்தார். ஊர்ப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். எஞ்சிய நேரம் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்றது திட்டம். இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்திட்டம் பெற்றோரை இழித்துப் பேசவில்லை, புகழ்ந்தது! தந்தையே ஆசான், தொழிலே பாடம், வீடே பள்ளி! கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் சவரக் கத்தி பிடித்தவரின் மகன் கையில் சவரக் கத்தி. வெளுப்பவரின் மகன் தோளில் அழுக்கு மூட்டை. வழக்கறிஞரின் மகன் கையில் மட்டும் வழக்குக் கட்டு! குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயரிட்டுப் பெரியார் எதிர்த்தார். திராவிட முன்னேற்றக் கழகம் கிளர்ச்சி செய்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலக, காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

பெற்றோரைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பெற்றோரின் தலைவிதிக்குள் தள்ளுவது ஒரு வழி; பெற்றோரைப் பிள்ளையின் வகுப்பறைக்குள் அழைத்து அமர்த்துவது வேறு வழி. இரண்டையும் 'பெற்றோர் ஈடுபாடு' என்ற ஒரே பெயரால் அழைக்கலாம். பெயரில் மயங்கலாகாது. நடை எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும்.

நம் இயக்கத்தின் மூதாதையர் நடந்த திசை தெளிவானது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைமையில் பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தரப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதைக் கண்டறிய ஆராய்ச்சி எதற்கு! ஏழைத் தாயைக் கேட்டால் தெரியும், அவர்கள் கேட்டார்கள். அந்த ஓரணாவும் அயலாட்சிக்குக் கண்ணை உறுத்த, 1925இல் அத்திட்டம் நின்றது. பின்னர் 1956இல் காமராசர் மாநிலமெங்கும் பகலுணவைத் தொடங்கினார்; 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இலையில் விழும் சோறு ஆட்சிக்கு ஆட்சி கூடியிருக்கிறது. அந்த இலைக்கு முன்னே யார் யாருக்கு அருகில் அமர்வது என்ற கேள்வி மட்டும் முடியவில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

காமராசர் காலத்துப் பணிகளுள் இன்று பலரும் மறந்த ஒன்று, 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கல்வித்துறையின் தலைமையில் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு—சுயமரியாதைக் கொள்கையில் வளர்ந்தவர்—ஊராரைத் திரட்டி, உங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும், அவற்றுள் உங்களால் எதைத் தர இயலும் என்று கேட்டார். ஒருவர் சுவருக்கு வெள்ளையடித்தார். ஒருவர் பெஞ்சு தந்தார். ஒருவர் மணி தந்தார், கடிகாரம் தந்தார், கரும்பலகை தந்தார். கட்டடம் கட்ட நிலம் தந்தவர்களும் உண்டு. ஏழை நாட்டின் பள்ளிகள் அந்தக் கைகளால் நிமிர்ந்தன, மறுக்க முடியாது.

ஆனால் நன்கொடைக்கு ஒரு நோய் உண்டு. நம் பள்ளியில் ஒரு குழல்விளக்கு இருக்கிறது. அதன் மேல் தந்தவரின் பெயர், தந்தவரின் தந்தை பெயர், குலதெய்வத்தின் பெயர், நாள், கிழமை எல்லாம் தீட்டப்பட்டுள்ளன. எஞ்சிய இடுக்கு வழியாகத்தான் வெளிச்சம் வருகிறது! கொடுத்தவர் முன்வரிசையில் அமர்கிறார். கொடுக்க இல்லாதவர் படிக்கு வெளியே நிற்கிறார். கொடையால் மட்டும் பள்ளியோடு உறவு என்றால், இல்லாதவருக்கு உறவே இல்லை என்றாகிவிடும் அல்லவா?

அந்த நோய்க்கு மருந்து சட்டத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்கிறது. பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பிற்படுத்தப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் வேண்டும் என்கிறது. பணம் தந்தவர் என்ற தகுதி அதில் இல்லை. பிள்ளையைத் தந்தவர் என்பதே தகுதி! பள்ளியின் நடப்பைக் கண்காணிக்கவும், வளர்ச்சித் திட்டம் தீட்டவும் அக்குழுவுக்கு உரிமை உண்டு. படிக்கு வெளியே நின்ற தாய்க்கு அது தெரியாது. தெரிவிக்க வேண்டிய நாமும் தெரிவிக்கவில்லை. சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்து வாங்கினோம்.

இனி, பின்னர் வருவோம் என்ற இடத்துக்கு வருகிறோம். கடினமான இடம் இதுவே.

ஊரைப் பள்ளிக்குள் அழை என்கிறோம். சரி. ஊர் தனியாகவா வரும்? சாதியையும் தோளில் போட்டுக்கொண்டுதான் வரும். பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதே நல்லது, அங்கேயாவது பிள்ளை சில மணி நேரம் மனிதனாக இருக்கட்டும் என்று நம் தோழர் சிலர் வாதிடுகின்றனர். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

சேரன்மாதேவியை நினையுங்கள். வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்துக்குப் பலரும் பணம் தந்தார்கள். காங்கிரசுக் கட்சியும் தந்தது. அங்கே பார்ப்பன மாணவர் இருவர் மட்டும் மற்றவரோடு அமராமல் தனியே உண்டனர். ஏன் என்று கேட்டபோது வந்த விடை என்ன? பெற்றோரின் விருப்பம்! 1924, 25ஆம் ஆண்டுகளில் தமிழகத்தை உலுக்கிய அந்தப் போரில், அன்று காங்கிரசிலே இருந்த பெரியாரும், வரதராசுலு நாயுடுவும் அந்த விடையை ஏற்க மறுத்தனர். பெற்றோர் ஈடுபாடு என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

நூறாண்டு உருண்டோடிவிட்டதே, இன்னுமா என்பீர்கள். 2023 செப்டம்பரில், கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில், காலை உணவைச் சமைத்தவர் பட்டியலினப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்தனர் பெற்றோர் சிலர். மாவட்ட ஆட்சியரும் மக்கள் மன்ற உறுப்பினரும் நேரில் சென்று அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் பசி, தட்டில் உணவு, நடுவே பெற்றோரின் கை! அதற்கு முந்தைய மாதம்தான் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர், தம்மோடு படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அந்த அரிவாளை அவர்களுக்குத் தந்தது எந்தப் பாடநூல்?

ஆகவே கேட்கிறோம்: பெற்றோர் பள்ளியிடம் எதைக் கேட்கலாம்? எதைக் கேட்கலாகாது?

நாம் வந்து சேர்ந்த முடிவு இது. பெற்றோர் தம் பிள்ளைக்காக எதையும் கேட்கலாம். பிறர் பிள்ளைக்கு எதிராக ஒன்றையும் கேட்கலாகாது. கணக்கு ஏன் ஏறவில்லை, ஆசிரியர் ஏன் வரவில்லை, முட்டை ஏன் சிறுத்தது, என் மகனை ஏன் அடித்தீர்—அத்தனைக்கும் விடை சொல்ல நாம் கடன்பட்டவர். என் பிள்ளைக்குத் தனி வரிசை என்றால் மட்டும் விடை கிடையாது. அந்தக் கேள்வியே செல்லாது.

பெரும்பான்மையோர் அப்படிக் கேட்டால்? குழு தீர்மானமே போட்டால்? மக்களாட்சி பேசுகிற நீங்கள் மக்கள் சொல்லைத் தள்ளுவீர்களா என்று மடக்குவோர் உண்டு. தள்ளுவோம். வாக்கெடுப்பு என்பதே ஆளுக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவத்தின் மேல் நிற்பது. அந்தச் சமத்துவத்தையே வாக்கெடுப்புக்கு விடுவது, அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுவதாகும். அருகில் அமர்பவர் தனக்குச் சமம் இல்லை என்பவர் கூட்டத்துக்கு வந்தவரே அல்லர். தம் சாதிக் கூட்டத்தை இடம் மாற்றிக்கொண்டு வந்தவர்.

எழுதுவது எளிது. நம் பள்ளிக்கு மின்விசிறி தந்த பெரியவர் ஒருவர், சாப்பாட்டு வரிசையை "கொஞ்சம் வசதிப்படி மாத்திக்கலாமே" என்று மெல்லிய குரலில் சொன்னபோது, நமக்கு வாய் எழவில்லை. உண்மையை ஒளிப்பானேன்! கொள்கை நெஞ்சில் இருந்தது, நா எழவில்லை. தலைமையாசிரியர்தான், ஓய்வுபெற ஓராண்டே இருந்த மனிதர், எந்த மேடையும் ஏறாதவர், நிமிர்ந்து பார்த்து, "விசிறிய வேணும்னா கழட்டிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். விசிறி இன்றும் சுழல்கிறது. பெரியவர் கூட்டத்துக்கு வருவதில்லை. அவருடைய பேரன் மட்டும் எல்லாரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறான். நெல்லிக்காய்க்காக அடுத்தவனோடு சண்டையும் போடுகிறான்.

அடுத்த கூட்டத்தை வேறு விதமாக நடத்திப் பார்த்தோம். நாற்காலியே வேண்டாம் என்று விட்டோம். சமுக்காளம் விரித்து, ஆசிரியரும் அதன்மேல் அமர்ந்தோம். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் கூலி இழந்தல்லவா வர வேண்டும். வேலைவிட்டுத் திரும்பும் மாலை நேரமாக மாற்றினோம். சுற்றறிக்கை படிக்கவில்லை. பிள்ளைகள் தாம் விரும்பிய பாடத்தைத் தம் பெற்றோர்க்கு எதிரே நின்று படித்துக் காட்டினர். திக்கினாலும் நாம் திருத்தவில்லை. எழுத்தறியாத தந்தை ஒருவர், மகன் எந்த இடத்தில் தடுமாறினான் என்பதை நமக்கு முன்பே கண்டுகொண்டார்; "அந்த இடத்துல அவனுக்குப் பயம் சார், புரியாம இல்ல" என்றார். நாம் ஓராண்டாக அவனை மந்தம் என்று எண்ணியிருந்தோம்.

படிக்கு வெளியே நின்ற தாயின் மகளும் படித்தாள். அவள் குரல் சிறிது; வெளியே கேட்காது. தாய் உள்ளே வந்தார். ஓரமாக உட்கார்ந்தார். படித்து முடிந்ததும், எவரும் கேட்காமலே, தரையைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்: "சார், கக்கூசுல தண்ணி வர்றதில்ல. அதனால பொட்டப்புள்ளைங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. தலைவலின்னு வந்து படுத்துக்கிடுதுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பிற்பகல் வகுப்புகளில் சிறுமிகள் சோர்ந்து தூங்குவது தெரியும். அதை அக்கறையின்மை என்று ஏட்டில் குறித்து வைத்ததும் தெரியும். காரணம் தெரியாது. பட்டம் பெற்ற நமக்குத் தெரியாதது, பட்டினி பழகிய அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. தலைமையாசிரியர் தீர்மானப் புத்தகத்தை எடுத்து அவர் சொன்னதை எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கினார். ஒன்றிய அலுவலகத்துக்கு மனுப் போயிற்று.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் முதலிலேயே வந்து அமர்ந்திருந்தார். நாம் வரவேற்புரையைத் தொடங்குமுன் அவர் கேட்டார்: "குழாய் என்னாச்சு சார்?"

பதில் சொல்ல நாம் எழுந்து நின்றோம்.