அழிக்க ஏவுவோர் கடன்

எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பது பழமொழி. இஃது இக்காலத்துப் புதுக் கருவிக்கும் பொருந்துமோ என ஆராய்வாம்.

செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படுங் கணினிநிரல், ஒரு சொல்லாற் பணித்த மாத்திரத்தே எண்ணிறந்த மின்னஞ்சல்களை ஒருங்கே அழிக்கவல்லது. ஜிமெயிலில் அழித்தல் இருவகைத்து. குப்பைப்பெட்டியிற் சேர்ப்பது ஒன்று; அதனை 30 நாளளவும் மீட்கலாம். அறவே நீக்குவது மற்றொன்று, அது மீளாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவரொன்று, மாற்றஞ் செய்யற்க என்ற கட்டளையையும் மீறி, ஒருவரது தரவுத்தளத்தை அழித்தது. மீட்க இயலாதென்றும் அது கூறிற்று. ஆயினும் பின்னர் மீட்கப்பட்டது.

குற்றம் எவரது? குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். முகவர் தானே வழி தேர்தலின் வெறுஞ் சக்கரமன்று என்பாருமுளர். தேரினும், இழந்தார் துயரை அஃது அறியாது. பழியை ஏற்கவும் மாட்டாது. ஆதலின் அதனைச் சமைத்தாரும், அதன் கையிற் திறவுகோல் கொடுத்தாருமே பொறுப்பாளர்.

1578 இல் போர்த்துக்கேயர் இடித்த முன்னேசுவரம் மீள எழுந்தது. ஏட்டின் நிலை வேறு. 2023 இல் கப்பங்கோரும் தீநிரலொன்றால் இலங்கை அரச மின்னஞ்சல்கள், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ளன, அழிந்தன. அக்காலத்துக்குப் படி இன்மையின் மீளவில்லை.

கற்பிட்டி முதற் சிலாபம் வரையுள்ள ஆசிரியர்காள்! பெற்றோர் முறைப்பாடும், விடுகைப் பத்திர வேண்டுகோளும் உங்கள் அஞ்சற்பெட்டியிலுள. அழிக்குமுன் பட்டியலை நீவிரே காண்க. குப்பைப்பெட்டியளவே முகவர்க்கு உரிமை தருக. படியொன்று வேறிடத்து வைக்க. இவை செய்யாது ஏவுதல் அறமன்று.