மாத்திரை இருக்கு, கொடுக்கத்தான் தயக்கம்

எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே தடுக்க ஒரு மாத்திரை இருக்குன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் 'பிரெப்'. 2012-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆபத்து அதிகமுள்ள எல்லாருக்கும் பரிந்துரைத்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழித் தொற்றை ஏறக்குறைய 99 விழுக்காடு தடுக்கும். மலேசியாவில் 2023 முதல் சில கிளினிக் கெசிஹாத்தான்களில் இலவசமாகவே கொடுக்கிறாங்க.

அப்புறம் ஏன் தேவைப்படும் பலருக்கு அது கிடைப்பதில்லை? டாக்டர்கள் பக்கம் சில தடைகள் உண்டு.

முதல் தடை, இது யார் வேலை என்பது. எச்.ஐ.வி. நிபுணரிடம் போகிறவர் ஏற்கெனவே தொற்று உள்ளவர். தொற்று இல்லாதவர் போவது சாதாரண கிளினிக்குக்கு. "இது குடும்ப டாக்டர் வேலை" என்கிறார் நிபுணர். "இது நிபுணர் வேலை" என்கிறார் குடும்ப டாக்டர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் விடுபட்டுப் போகிறார்.

இரண்டாவது, நேரம். மாத்திரை கொடுக்கும் முன் எச்.ஐ.வி. சோதனையும் சிறுநீரகச் சோதனையும் வேணும். பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை எச்.ஐ.வி. சோதனை. வெளியே வரிசை நீளமா இருக்கும்.

மூன்றாவது, கேள்வி. அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி டாக்டர் கேட்கணும். தண்டனைச் சட்டம் 377-ஏ, 377-பி பிரிவுகள் இருக்கும் நாட்டில், உண்மையைச் சொல்ல எதிரில் இருப்பவருக்குப் பயம். கேட்க டாக்டருக்கும் கூச்சம்.

கடைசித் தடை மனசில் இருக்கு. "இதைக் கொடுத்தா தப்பு பண்ண லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகாதா?"

நான் படிப்பது மின்பொறியியல். வீட்டில் இ.எல்.சி.பி. பொருத்துகிறவர், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுங்கன்னு யாரையும் தூண்டவில்லை. மனிதர் கவனம் தவறுவார், தவறினாலும் உயிர் போகக்கூடாது என்றுதான் பொருத்துகிறார். அதோடு, பிரெப் கேட்டு வருபவர் எல்லாரும் தப்பு செய்தவர்னு யார் சொன்னது? எச்.ஐ.வி. உள்ள கணவரோடு வாழும் மனைவிக்கும் அது தேவைப்படலாம்.

ஆனா அந்தக் கவலையை முழுசா தள்ளிவிடவும் முடியாது. இந்த மாத்திரை சிபிலிஸ், கொனோரியா போன்ற நோய்களைத் தடுக்காது, ஆணுறை வேணும். அதற்கும் அந்த 3 மாதச் சந்திப்பு உதவும். வேறு நோய் வந்திருந்தாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். டாக்டர் கதவைச் சாத்திவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

டாக்டருக்குத் தனிப்பட்ட கருத்து இருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் கேட்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவை எடுப்பவர் ஒருவர், அதன் பலனை ஆயுள் முழுக்கச் சுமப்பவர் இன்னொருவர். அதை எப்படி தர்மம்னு சொல்வது? தன்னால் முடியாவிட்டால், கொடுக்கும் இடத்தையாவது சொல்லி அனுப்பலாமே.

நம்மில் நாளைய டாக்டர், நர்ஸ், மருந்தாளர் எத்தனையோ பேர் இருக்கீங்க. உங்கள் முன் வந்து உட்காருபவரின் நடத்தைக்கு நீங்க தீர்ப்பு எழுத வேண்டாம். அவர் உடம்புக்கு என்ன தேவைன்னு மட்டும் கேளுங்க.