கூடை சுமப்பது யார்?

மழைக்காலத்துக்கு முன் ஏரியைச் சீர்செய்ய ஊர் ஒன்றுகூடும் வழக்கம் குடிமராமத்து. ஏரிநீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ள வீடுகள் தங்கள் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பும். மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி வரத்துக்காலைத் தூர்வாருவார்கள், வெடிப்பில் மண்ணிட்டுக் கரையைக் கெட்டிப்படுத்துவார்கள், மடையைச் செப்பனிடுவார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் பலவற்றைக் காத்து நின்றது இந்தக் கூட்டுழைப்பு. இதை மீட்டெடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. எந்த முறையில் மீட்டெடுப்பது என்பதில்தான் அறத்தின் கேள்வி எழுகிறது.

ஆள் அனுப்பியவர் நிலக்காரர். கூடை சுமந்தவர் பல ஊர்களில் அவருடைய பண்ணையாள். இரவு பகலாகக் கரையில் கிடந்து, வெள்ளம் ஏறும்போது மடை திறந்த நீர்க்கட்டி என்னும் நீர்க்காவலருக்குக் களத்தில் சில மரக்கால் நெல் கிடைத்தது. ஊர்க்கூட்டத்தில் சமமாக உட்கார இடம் கிடைக்கவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க வழி செய்தது. மறுக்க முடியாத உதவிக்கு உதவி என்ற பெயர் பொருந்துமா? கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு வாதமும் நியாயமானதே. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் தூர்வார சென்னைவாசியை யாரும் மண்வெட்டியோடு அழைப்பதில்லை. கிராமத்தானை மட்டும் ஏன் அழைக்க வேண்டும்?

ஆனால், எல்லாவற்றையும் அரசிடம் விட்டுவிட்டால் ஏழைக்கு நன்மை வந்துவிடாது. ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவர் ஏரியை மறந்துவிட்டார். ஏரி தூர்ந்தபோது முதலில் தரிசானது, கிணறு வெட்ட முடியாத சிறு விவசாயியின் நிலம். வரத்துக்காலை வளைத்துப்போட்டவர் யார் என்பது பொறியாளரைவிட ஊருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைத் தட்டிக்கேட்கும் வலுவும் கூடி நின்றால்தான் ஊருக்கு வரும்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, செலவில் பத்து சதவீதத்தைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. பயன் பெறுகிறவர் பங்கு தருவது சரியான நெறி. அதை முழுமையாகப் பின்பற்ற வேண்டும். ஏரி நிரம்பினால் ஊறும் கிணற்றின் சொந்தக்காரரும் பங்கு தரட்டும். நிலமற்றவர் மண் சுமந்தால் அவருக்கு முழுக்கூலி கொடுக்க வேண்டும். மீன் குத்தகை, கருவேல மர ஏலம், வண்டல் மண் ஆகியவற்றின் வரவுசெலவைக் கிராம சபையில் எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். சுமையும் பயனும் உரிமையும் ஒன்றாகப் பகிரப்படாத ஊரில், குடிமராமத்து என்பது கூலியில்லா வேலைக்கு வைத்த கௌரவமான பெயர் மட்டுமே.