எண்ணுதலும் இன்மையும்

2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்தும் காரியம். ஒரு வருஷம் பேட்டையிலிருந்து நானும் நயினார்குளக் கரைக்குப் போனேன். எண்ணுவது என் பிழைப்பு. வங்கிக் கவுண்டரில் பிசகினால் மாலைக்குள் தெரிந்துவிடும், கைக்காசு போகும். குளக்கரையில் பிசகினால் யாருக்கும் தெரியாது.

எண்ணுவது நேசத்துக்கு விரோதம் என்கிறார்கள் சில நண்பர்கள். கூந்தன்குளத்தை உதாரணம் காட்டுகிறார்கள். 1994இல் அது சரணாலயமாவதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் பறவைகளைக் காத்துவந்தவர்கள். அவை மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி போடாதவர்கள். எண்ணிக்கை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வாஸ்தவம். ஆனால் அவர்கள் பறவைகளோடு வாழ்ந்தவர்கள். நாம் பஸ்ஸில் குளத்தைக் கடந்து போகிறவர்கள். போய்ப் பார்க்காத நேசம் வெறும் மனோபாவம் என்றே எனக்குப் படுகிறது.

நம் ஞாபகத்தையும் நம்புவதற்கில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட அளவையே இயல்பென்று கொள்கிறது என்று மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். அப்படியானால் குறைந்துபோனது இழப்பாகக்கூடத் தோன்றாது.

அன்று என் தாளில் பல பெயர்களுக்கு நேரே எழுத எண் இல்லை. தூரத்தில் ஏதோ அசைந்ததை ஒன்றென்று போட்டுவிடக் கை துறுதுறுத்தது. காலியாக விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் காலியிடம் 'பார்க்கவில்லை' என்பது. பூஜ்யம் 'பார்த்தேன், இல்லை' என்பது. பூஜ்யமே போட்டேன்.

இல்லை என்று சொல்லும் உரிமை போய்ப் பார்த்தவனுக்கே உண்டு. விமர்சனம் எழுதுகிற நமக்கும் இது பொருந்தும்.