அடுத்தவர் காயத்தில் கை வைக்க



உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு என்றால் எந்த ஆண்டிலும் தோமாவைப் பற்றிய நற்செய்திதான். சீடர்கள் பயந்துபோய் கதவைத் தாழிட்டு உள்ளே இருக்கிறார்கள். 2019-இல் இந்த நற்செய்தி வாசிக்கப்பட்ட நாள் ஏப்ரல் 28. அன்று இலங்கையின் கத்தோலிக்கக் கோவில்களில் பொதுத் திருப்பலி இல்லை. இன்னும் எங்கே குண்டு வெடிக்குமோ என்ற அச்சம். கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்ற, மக்கள் வீட்டுக்குள் இருந்தபடி தொலைக்காட்சியில் பங்கெடுத்தார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு இந்த நற்செய்தியைக் கேட்டவர்கள் அவர்கள்.

அதற்கு முந்தின ஞாயிறு, ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொழும்பு கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்புப் பக்கம் கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்கள் என்று குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கட்டுவாப்பிட்டியில் மட்டும் 100 பேருக்கு மேல். சீயோனில் செத்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். பெரிய பையோடு வந்தவன்மேல் சந்தேகப்பட்டு, பையை வெளியே வைத்துவிட்டு வா என்று வாசலிலேயே தடுத்த ஒருவர் அந்த இடத்திலேயே இறந்தார். உள்ளே இருந்தவர்களில் எத்தனையோ பேர் அவரால் பிழைத்தார்கள்.

கொச்சிக்கடைக் கோவிலைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமையானால் இந்து, முஸ்லிம், பௌத்தர் என்று யாரும் நேர்ச்சையோடு வந்து நிற்கிற இடம். நம் ஊரில் அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா என்ன? அதே மாதிரிதான் அங்கேயும். குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு அந்தத் தெருவில் மக்கள் கூடி நின்றபோது காலை 8.45-க்கு மணி ஒலித்தது. கோபுரத்துக் கடிகாரத்தில் முள் குண்டு வெடித்த அந்த 8.45-இலேயே நின்றிருந்தது.

கட்டுவாப்பிட்டிக் கோவிலை மூன்றே மாதத்தில் செப்பனிட்டு மறுபடி அர்ச்சித்தார்கள். கூரை புதிது, தரை புதிது. ஆனால் உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் ஒன்றை மட்டும் கழுவவில்லை. அன்று தெறித்த இரத்தம் அதன்மேல் அப்படியே இருக்க, கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கு மக்களுக்கு இறையியல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைய நற்செய்தியில் சாவை வென்று வருகிற ஆண்டவர் ஆணித் தழும்பைத் துடைத்துவிட்டா வருகிறார்? தழும்போடுதான் வருகிறார், கையை நீட்டிக் காட்டுகிறார்.

இழவு வீட்டுக்குப் போகிற நமக்கோ அவசரம். "கடவுள் சித்தம், மன்னிச்சு மறந்துடும்மா" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது? பிள்ளைகளுக்காக அழுத ராகேலைப் பற்றி விவிலியம் பேசுகிறது. அவள் ஆறுதல் பெற மறுத்தாள். அதற்காக விவிலியம் அவளைக் கண்டிக்கவில்லை. கர்தினால் 2020 உயிர்ப்பு விழாவில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதற்குப் பின்னும் உண்மை வெளியே வர வேண்டும் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. தாக்குதல் நடக்கப் போகிறது என்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவல் போயிருந்தும் தடுக்கவில்லை என்பதால் குடும்பங்கள் வழக்குக்குப் போயின. 2023 ஜனவரி 12-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. மன்னித்தவர்கள் நீதி கேட்கக் கூடாது என்று எந்த நற்செய்தியிலும் இல்லை.

ஆறாம் ஆண்டு நினைவு நாளான 2025 ஏப்ரல் 21-இல், கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை நம்பிக்கையின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாகக் கர்தினால் அறிவித்தார். தாய்த் திருச்சபை தன் பிள்ளைகள் பெயரை எழுதி வைப்பாள், அது சரி. 167 போக மீதிப் பேர் யார் என்பதுதான் என் மனதை அரிக்கிறது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

நாமும் அப்படித்தான். நம் பூசைக்கருத்து நோட்டைப் புரட்டினால் தாத்தா, அப்பத்தா, விபத்தில் போன மகன் என்று எல்லாம் அவரவர் வீட்டு இறந்தோர்தான். தோமா எப்படி விசுவாசத்துக்கு வந்தார் என்று பாருங்கள். தன் காயத்தை யாருக்காவது காட்டி அல்ல. இன்னொருவர் காயத்தில் கை வை என்று அழைக்கப்பட்டார்.

திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்திருக்கிற உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஜூலை 9-இல் நவாலி புனித பேதுரு கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது உங்கள் நெஞ்சில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அதே வாயால் காத்தான்குடியையும் சொல்ல முடியுமா? 1990 ஆகஸ்ட் 3, பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்றவர்கள் தமிழ் பேசியவர்கள். 2019-இல் குண்டு வைத்தவர்களின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்று நமக்கு நினைவிருக்கிறது. அந்த ஊரில் தகப்பனைப் பள்ளிவாசலில் பறிகொடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது நினைவில் நிற்பதில்லை. குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதமே ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல் கும்பலாகப் போய் எரித்தார்கள். நம் துக்கத்தை மட்டும் தடவிக்கொண்டே இருந்தால் அது இப்படித்தான் கத்தியைத் தேடும்.

முகாமைச் சேர்ந்தவர்களிடம் மட்டும் பேசிவிட்டு, மேலூர்க்காரர்களை விட்டுவிடலாம் என்றால் மனசாட்சி இடம் தரவில்லை. கொழும்புக்காக இன்று மெழுகுவத்தி ஏற்றுகிறோம். மேலவளவுக்கு ஏற்றியிருக்கிறோமா? அந்த ஊரின் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் தேர்தலே தள்ளிப்போய், கடைசியில் போலீஸ் காவலோடு நடந்து, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-இல் மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். இனி எவனும் மனுத்தாக்கல் செய்யக்கூடாது என்று ஒரு சனத்தையே நடுங்க வைக்கச் செய்த கொலை அது. தண்டிக்கப்பட்ட 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். அந்தச் செய்தியை அந்தக் குடும்பங்கள் எப்படித் தாங்கின என்று இத்தனை கிட்டத்தில் இருக்கிற நாம் போய்க் கேட்டோமா? "அது சாதிப் பிரச்சினை சாமி, நமக்கு எதுக்கு" என்பார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் வைத்த திருச்சபை நம்முடையது. எதுக்கு என்று கேட்கிற தகுதி நமக்குக் கிடையாது.

மேலவளவில் முருகேசனுக்கும் உடன் செத்தவர்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30-இல் சனம் கூடுகிறது. இந்த ஆண்டு நாமும் போகிறோம். பேச்சு வேண்டாம், பேனர் வேண்டாம், பங்கு பெயர் போட்ட பதாகையும் வேண்டாம். பூவோடு போய், அந்தக் குடும்பங்கள் பேசினால் கேட்டுவிட்டு வருவோம். அன்பியப் பொறுப்பாளர்கள் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள், வேனுக்கு எத்தனை பேர் என்று கணக்கு எடுத்துவிடலாம். இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, சீயோன் ஆகியவற்றோடு நவாலி, காத்தான்குடி, மேலவளவு என்றும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குப் பின்னும் சற்று நேரம் மௌனம் இருக்கும், பாடகர் குழு அவசரப்பட வேண்டாம்.

இப்போது எழுந்து நின்று விசுவாச அறிக்கை செய்வோம்.