சிற்பியின் கர்ஜனை

அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர், 1926 முதல் 1931 வரை பாரிஸ் நகரில் கம்பியும் தக்கையும் துணியும் கொண்டு செய்து சேர்த்த பொம்மை சர்க்கஸைத் தம் கையாலேயே ஆட்டிக் காட்டுவதைக் கார்லோஸ் விலார்தெபோ 1961இல் ஆவணப்படமாக்கினார். அதைக் கண்ட நாள்முதல் ஒரு கர்ஜனை என் சிந்தையைவிட்டு அகல மறுக்கிறது.

சிங்கம் கம்பிச் சிங்கம். அதன் பொருட்டுத் தரையிலமர்ந்து உறுமுபவரோ, 1952இல் வெனிஸ் பியன்னாலேயில் சிற்பத்துக்கான பெரும்பரிசு பெற்றுவிட்ட, அறுபதைக் கடந்த, நரைத்த தலையும் தடித்த விரல்களுமுடைய மனிதர். அருகில் மனைவி லூயிஸா கிராமபோனைக் கவனித்துக்கொள்கிறார். அந்த உறுமலில் பரிகாசமில்லை, சங்கோசமில்லை. சிங்கம் இருக்குமிடத்தில் கர்ஜனையும் இருந்துதானே ஆகவேண்டும் என்ற சிரத்தை மட்டுமே இருக்கிறது.

சிறு வயதில் நுங்குக் கோந்தைகளைக் குச்சியில் கோத்து வண்டியாக்கி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு, வாயாலேயே மோட்டார் ஓசை எழுப்பியபடி தெருவெல்லாம் ஓடியிருக்கிறேன். ஒரு மாலை, திண்ணையிலிருந்த பெரியப்பா, "மீசை முளைக்கிற வயசிலே என்னடா சத்தம் இது?" என்று வாத்ஸல்யத்தோடுதான் கேட்டார். மறுநாளும் வண்டி ஓடிற்று. சத்தம் மட்டும் நின்றுபோயிற்று. சத்தம் நின்றதும் வண்டி வெறும் கோந்தையாயிற்று.

கால்டர் பதினொரு வயதில், 1909ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்து ஒரு நாயும், தொட்டால் ஆடும் ஒரு வாத்தும் செய்து பெற்றோருக்கு அளித்தாரென்று எங்கோ படித்த ஞாபகம். தந்தை சிற்பி, தாய் ஓவியர். மகனுக்குக் கருவிகளும் வேலை செய்ய ஓரிடமும் கொடுத்தவர்கள். பிற்பாடு 1919இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்ற அவர், காற்றின் சிறு அசைவுக்கும் இசைந்து சுழலும் தொங்கு சிற்பங்களில் ஒவ்வொரு தகட்டின் எடைக்கும் எதிரெடை தேடிய நுட்பத்தை எண்ணும்போது, விளையாட்டும் சாஸ்திரமும் பகையென்று நாம் வகுத்த வகுப்பே சந்தேகத்துக்குரியதாகிறது.

ஆயினும் என் கேள்வி தீரவில்லை. அந்தக் கர்ஜனை, பால்யத்தில் யாரும் தடுக்காததால் பிழைத்திருந்த பாக்கியமா, அல்லது வயது ஏற ஏற உலகத்தின் பார்வையைப் பொருட்படுத்தாமல் அவரே காத்துக்கொண்ட தைரியமா? பாக்கியமென்றால் அதை இழந்தவர்க்கு வழியில்லை. தைரியமென்றால் இன்றும் முயலலாம். ஆனால் முயன்று வருவிக்கும் விளையாட்டு விளையாட்டாகுமா என்று கேட்டால், என்னிடம் விடையில்லை.